ம் கொட்டும் பிள்ளை

கொடியில் காய்ந்த பாவாடையின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வளர்மதி நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அரியலூர்ப் பக்கத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? கோடையில் குடிதண்ணீருக்கே நாய்படாத பாடு படுகிற ஊர் இது.

மகளைக் கேட்டால், தர்மன் தாத்தாவோடு கடலுக்குப் போனேன் என்றாள், ஏதோ கடைத்தெருவுக்குப் போய் வந்தவள் மாதிரி. தர்மன், தெருவுக்குப் பின்னால் தோண்டிக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் ஆடு மேய்க்கிற கிழவர். வாயைத் திறந்தால் கதைதான். பெற்ற பிள்ளைகளே காது கொடுக்காத மனுஷனுக்கு, ஏழு வயது அபிநயா கூட்டாளியாகிவிட்டாள். பள்ளத்துக்குள் அலை அடிக்கும், நண்டு ஓடும், கதைக்கு நான் ம் கொட்டுவேன் என்று அவள் அளந்ததையெல்லாம் வளர்மதி இதுவரை சிரித்துத்தான் கேட்டிருந்தாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தும் பிள்ளை வரவில்லை. லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி இன்னும் அடங்காத பாதையில், கருவேல நிழல்கள் நீண்டு கிடக்க, ஆட்டு மணிச்சத்தம்கூட இல்லாத அமைதிக்குள் மீன் கழுவிய தண்ணீரின் வாடை வந்து வந்து போக, வளர்மதி பள்ளத்தை நோக்கி நடந்தாள்.

பள்ளத்தின் கரையில் தர்மன் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கத சொன்னது நான் இல்ல தாயி. கீழ கெடக்கே, அதுதான் சொல்லுது. இத்தன வருசமா நாந்தான் ம் கொட்டிக்கிட்டு கெடந்தேன். நிறுத்துனா மேல ஏறி வருது. எனக்குத் தொண்ட போயிடுச்சு. பாப்பாவ உக்கார வச்சுட்டேன்."

வளர்மதி சறுக்கிக்கொண்டே இறங்கினாள்.

அடியில், சொட்டுத் தண்ணீர் இல்லாத பாறையில், அபிநயா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே வெறும் சுண்ணாம்புக்கல் சுவர். அதற்குள் அலை இரைந்தது. ஒவ்வோர் இரைச்சலுக்கும் பிள்ளை ம் என்றாள்.

"எந்திரி தங்கம். வூட்டுக்குப் போவலாம்."

ம்.

தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. ம். முதுகில் அறைந்தாள். அழுதாள். கெஞ்சினாள். ம். ம்.

மண்டியிட்டு, பின்னாலிருந்து வாயை இறுகப் பொத்தினாள். நிற்கவில்லை. உதட்டை மூடியே சொல்கிற சத்தம் அது, பொத்தி என்ன ஆகப்போகிறது? உள்ளங்கைக்குள் அதிர்ந்தது.

பிறகு ஈரம். எச்சில் என்று நினைத்தாள்.

விரலிடுக்கில் வழிந்தது. முழங்கை வரை ஓடியது. ஜில்லென்று, மீன் வாடையோடு. நிற்காமல்.

பாறை நனைந்து, அவள் முழங்கால் மூழ்கி, இடுப்பு வரை ஏறிய பின்னும் கையை எடுக்கப் பயந்து, வளர்மதி பிள்ளையின் வாயைப் பொத்தியபடியே இருந்தாள்.