காற்றில் நூல் ஒட்டியவர்

தேவகிருபையின் அப்பா தூங்கிக்கொண்டே நூல் ஒட்டுவார்.

இராஜபாளையத்து மில்லில் அப்பா ஏசுவடியானுக்கு ராத்திரி வேலை. நூல் சுற்றி ஓடுகிற கதிரில் இழை அறுந்தால், இரண்டு விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். விடிய விடிய அதுதான். காலையில் வந்து படுத்தால் வெயிலும் தெருச் சத்தமும் தூங்க விடாது. கஞ்சி குடிக்கும்போதே தலை தொங்கும்.

ஒருநாள் பகலில் பாதித் தூக்கத்தில் எழுந்து தெருவில் நடந்தார். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் காற்றில் இல்லாத நூலை ஒட்டிக்கொண்டே போயின.

எதிர்வீட்டு வண்டிக்காரர் சங்கையா அவரைப் பிடித்து உலுக்கினார். அப்பா மிரண்டு அலறி, அவரைத் தள்ளிவிட்டார்.

"பேய்தான்! வெள்ளிக்கிழமை பேயோட்டுற கோடாங்கியக் கூட்டியாரேன். சாட்டையால நாலு போட்டா ஓடிரும்" என்றார் சங்கையா.

அம்மா பயந்துபோய்ச் சரி என்றுவிட்டாள். தேவகிருபைக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவுக்குச் சாட்டையடியா?

வியாழக்கிழமை மத்தியானம். அம்மா பருத்தி எடுக்கப் போயிருந்தாள். வாசலில் தேவகிருபை காவல். வெயிலில் தெருவே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. அவளுக்கும் கண் சொக்கியது.

கண் விழித்தால், அப்பா தெருமுனையில்! விரல்கள் காற்றில் நூல் ஒட்ட, அங்கிருந்த கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

ஓடினாள். "அப்பா!"

அவர் காதில் விழவில்லை. உலுக்கினாலோ மிரண்டு உள்ளே விழுந்துவிடுவார்.

அப்பா இப்போது தூக்கத்தில் மில்லில் அல்லவா இருக்கிறார்? மில்லில் வேலை எப்போது நிற்கும்?

தேவகிருபை வாயருகே கை குவித்து மில் சங்குபோல ஊதினாள்.

"ஊஊஊஊ..."

அப்பா நின்றார். சட்டையில் இல்லாத பஞ்சைத் தட்டிவிட்டார்.

"முடிஞ்சுதா?" என்று முணுமுணுத்தார்.

"முடிஞ்சுதுப்பா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

கன்றுக்குட்டி மாதிரி அவள் பின்னால் வந்தார்.

வண்டிக்கடியில் படுத்திருந்த சங்கையா பதறி எழுந்தார். "ஏட்டி, மில்லு சங்கா? விடிஞ்சிருச்சா?"

பிறகுதான் இருவரையும் பார்த்தார். "சங்குக்கு அடங்குற பேய நான் பாத்ததே இல்லட்டி!"

"பேயில்ல மாமா. அப்பாவுக்குத் தூக்கம் பத்தல. அம்புட்டுதான்."

சங்கையா தலையைச் சொறிந்தார். "அப்பம் கோடாங்கி வேண்டாம். உங்கம்மாட்ட நானே சொல்லுதேன்."

உடனே கோலி விளையாடும் பையன்களை விரட்டினார். "ஏலே! சத்தம் போடாம அங்கிட்டுப் போங்கலே!"

"மாமா, நீங்கதான் கத்துறீக!" என்றாள் தேவகிருபை.

சங்கையா வாயைப் பொத்திக்கொண்டார். மாட்டுக் கழுத்து மணியைக் கழற்றினார். தேவகிருபை வீட்டு ஜன்னலில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். வீட்டுக்குள் குளுகுளுவென்று இருட்டு வந்தது.

பொழுது சாயும் நேரம் அம்மா வந்தாள். விஷயத்தைச் சங்கையா தெருவிலேயே, ரகசியம்போலச் சொன்னார். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேவகிருபையும் நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

அம்மா பருத்தி மூட்டையைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.

"செத்த நேரம் தூங்கட்டும். பொறவு மில்லுக்கு எழுப்புவோம்."