வழக்கம்போல் பேசவும்

மணப்பாட்டில் அன்றைய தூரம் பன்னிரண்டு நிமிடம். சிலுவைக் கோயில் வாசல் கரும்பலகையில், கடல் நிலவரத்துக்குக் கீழே, உபதேசியார் காலையிலேயே எழுதிப் போட்டிருந்தார். முன்பெல்லாம் ஊர்ப் பெண்கள் காற்றையும் நீரோட்டத்தையும் விசாரிப்பார்கள். இப்போது "இன்னைக்கு எத்தன?" என்று கேட்டால், செவ்வாய்க்கு எத்தனை நிமிடம் என்றுதான் அர்த்தம். இரண்டு கிரகங்களும் நெருங்கி வந்தால் நான்கு, விலகிப் போனால் இருபத்திரண்டு. இங்கிருந்து புறப்பட்ட சொல் அங்கே போய்ச் சேர அவ்வளவு நேரம், பதில் திரும்பி வர இன்னும் அவ்வளவு. ஒளியை முந்திக்கொண்டு ஓட எந்தச் சொல்லுக்கும் கால் கிடையாது. செவ்வாயில் சுரங்கம் தோண்டும் கொம்பு முளைத்த கம்பெனிக்காரனாலும் அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

ஜெசிந்தாவின் வீட்டு வேலையெல்லாம் இந்தக் கணக்கில்தான் நடந்தது. பத்து மணிக்குப் பேசுபலகை முன் உட்கார்ந்து "என்னங்க, சாப்பிட்டியளா?" என்பாள். எழுந்துபோய் மீன் கழுவி, உலை வைத்துவிட்டுத் திரும்பும்போது, செவ்வாயின் பனிச்சுரங்கத்திலிருந்து கஸ்பாரின் முகம் வந்து "சாப்பிட்டேன் புள்ள" என்று சிரிக்கும். ஆறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் குடித்தனம். எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அவள் "எப்ப வருவிய?" என்பாள். அவன் "சீக்கிரம் வந்துருவேன் புள்ள" என்பான். இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கப்பல் இரண்டு தடவை வந்துவிட்டது, இரண்டு தடவையும் அவன் அதில் இல்லை. மூன்றாவது இந்த மாதக் கடைசியில் அங்கிருந்து புறப்படுகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தம்புதுப் பெட்டி மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒன்பதாம் பேசுபலகை. கஸ்பாரின் தங்கை மெல்டா ஊரில் பலகைக் கடை வைத்திருக்கிறாள். அவளே தூக்கிக்கொண்டு வந்து வைத்தது.

"மைனி, பழசக் குடுத்துப் புதுச எடுக்குதது இன்னைக்கு அஞ்சு மணி வரைக்குந்தான். அதுக்குப் பொறவு உங்க பழைய பலகைய காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்று காலையிலேயே வந்து நச்சரித்தாள் மெல்டா. "இன்னும் எத்தன நாளு இந்தக் கண்ணாடி விரிஞ்சதையே கட்டிக்கிட்டு அழப்போறிய?"

"பாக்கலாம்" என்றாள் ஜெசிந்தா.

"பாக்கலாம் பாக்கலாம்னே மூணு நாளாச்சு!"

ஒன்பதாம் பலகையின் வித்தை இதுதான்: அது காத்திருக்காது. பல வருஷத்துப் பேச்சையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு, தொலைவில் இருப்பவர் என்ன சொல்வார் என்று தானே கணித்து, அவர் முகத்தோடு, அவர் குரலோடு அந்த நொடியே சொல்லிவிடும். அதற்கு 'நிழல்' என்று பெயர். உண்மையான பதில் பின்னால் வந்து சேரும்போது, முதல் நாலைந்து வரியை நிழல் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் 'பொருந்தியது' என்று பச்சை விளக்கு எரியும், பதிலைப் போட்டுக் காட்டாது, அவ்வளவுதான். கேட்டதையே இரண்டு தடவை கேட்கவேண்டிய தொந்தரவு இல்லை. மெல்டாவின் புருஷன் பிளேவியனும் மேலே செவ்வாயில்தான் இருக்கிறான். அவள் நாள் முழுக்க அவன் நிழலோடு பேசுவாள், சண்டை போடுவாள், கடையில் ஆள் நிற்கும்போதுகூடக் கொஞ்சுவாள். கேட்பவர்களுக்குத்தான் கூச்சம்.

ஜெசிந்தா புதன்கிழமை அதைப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தாள். கஸ்பார் அவள் வாயை மூடும் முன்னே பதில் சொன்னான். அவள் சிரித்தால் கூடவே சிரித்தான். ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததே இல்லை. அவளுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. வேறு யாரோ ஓர் ஆணோடு உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அதுவும் உண்மை.

வாங்காமல் தள்ளிப்போட அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, வெளியே சொல்ல வெட்கம். மூன்று வாரமாகப் பழைய பலகையிலேயே ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. இருபத்து நான்கு நிமிடம் கழித்து வரவேண்டிய பதில் பன்னிரண்டு நிமிடத்திலேயே வந்தது. அவள் "சாப்பிட்டியளா?" என்று கேட்ட அதே நேரத்தில், கேள்வி போய்ச் சேருவதற்கு முன்பே, அவன் அங்கே "சாப்பிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். "இடுப்பு வலி எப்படி?" என்றாலும் அப்படித்தான். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவனுக்குத் தெரிகிறதே! இப்படிப்பட்ட மனுஷன் இருக்கையில் நிழல் எதற்கு என்று பூரித்துப்போயிருந்தாள் பாவம்.

பத்து மணிக்கு வழக்கம்போல் உட்கார்ந்தாள். சேதி அனுப்பினாள். சாளை மீனைக் கழுவ எடுத்தாள். சரியாகப் பத்து பன்னிரண்டுக்குக் கஸ்பார் வந்தான்.

"ஜெசி, நீ சொன்னதுதான் சரி. இன்னொரு தவணையும் இருந்துட்டு வந்துருதேன். நீ இவ்ளோ தைரியமா 'இருந்துட்டு வாங்க'ன்னு சொல்லலேன்னா நான் கொழம்பியிருப்பேன். பதினொன்றரைக்கு அலுவலர் வாராரு, கையெழுத்துப் போட்டுருதேன். நீ நல்லா இருக்கேன்னு சொன்னதே எனக்குப் போதும் புள்ள."

ஜெசிந்தா கையில் பாதி கழுவிய மீனோடு நின்றாள். "நான் எப்பம் சொன்னேன்?"

பலகையைப் பார்த்துத்தான் கேட்டாள். அது அங்கே போய்ச் சேரவே பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

இன்னும் போகாமல் பெட்டிப் பக்கத்திலேயே நின்ற மெல்டா திருதிருவென்று விழித்தாள். பிறகு மெதுவாக, "மைனி, அண்ணனும் ஒன்பதாம் பலகைக்கு மாறியாச்சு. போன மாசம் கம்பெனியே எல்லாருக்கும் சும்மா குடுத்துட்டு. உங்கட்ட சொல்லலியா?" என்றாள்.

"அப்பம் அவரு இத்தன நாளும் பேசுனது..."

"உங்க நிழலோடதான்."

"அது நான் சொல்லாததையெல்லாம் சொல்லுமா?"

"சொல்லாதத எப்படிச் சொல்லும் மைனி? நீங்க இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கியளோ, அதத்தான் சொல்லும்."

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புயலில் பாதிக் கூரை பறந்த அன்று என்ன சொன்னாள்? நல்லா இருக்கேன். மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டோடு கிடந்தபோது, கட்டு தெரியாதபடி பலகையை இடது கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கேன். காய்ச்சலில் ஒன்பது நாள் எழுந்திருக்க முடியாதபோது படத்தை அணைத்துவிட்டு, கேமரா கோளாறு, நான் நல்லா இருக்கேன். போன தவணை நீட்டும்போது அவன் கேட்டானே, அன்றைக்கும், உங்க இஷ்டங்க, நான் நல்லாத்தான் இருக்கேன், இருந்துட்டு வாங்க. தூரத்தில் கிடந்து உழைக்கிற மனுஷனிடம் போய் அழுவார்களா? இந்த ஊரில் எந்தப் பெண் அழுதிருக்கிறாள்? நிழல் பொய் சொல்லவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் பாடம் மாதிரி ஒப்பித்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். கப்பலில் அவன் இடம் அந்த நிமிடமே வேறொருவனுக்குப் போய்விடும். மறுபடியும் இருபத்தாறு மாதம். ஜெசிந்தா மீன் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு பழைய பலகையை எடுத்தாள். மணி பத்து இருபது.

"என்னங்க, கையெழுத்துப் போடாதிய. நான் நல்லா இல்ல. ஆறு வருஷமா நல்லா இல்ல. உங்க சட்ட ஒண்ணத் தொவைக்காம வச்சிருந்தேன், இப்பம் அதுல அலமாரி வாசந்தான் அடிக்குது. எனக்குக் காசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்கதான் வேணும். வந்துருங்க."

இப்படி அவள் பேசி மெல்டா கேட்டதே இல்லை. மெல்டாவுக்கே கண் கலங்கிவிட்டது. பிளேவியன் மூலம் அண்ணனுக்குச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், அவன் சுரங்கத்துக்கு உள்ளே இருந்தான், சாயங்காலம்தான் மேலே வருவான். கம்பெனிக்கு அடித்தால், 'நீங்கள் வரிசையில் நாற்பத்தோராவதாக இருக்கிறீர்கள்' என்று ஒரு குரல் அன்பாகச் சொன்னது. இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் சட்டிப் பக்கம் பூனை வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. விரட்ட ஆள் இல்லை.

பத்து நாற்பத்து நான்குக்குப் பதில் வந்தது. கஸ்பார் இல்லை. அவன் பலகை அனுப்பிய எழுத்து.

*ஆள்மாறாட்டத் தடுப்பு. தங்கள் செய்தி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அனுப்புநரின் இயல்போடு பொருத்தம்: நான்கு விழுக்காடு. திருமதி ஜெசிந்தா இவ்வாறு பேசுபவர் அல்லர். தாங்கள் அவர்தான் எனில், உறுதிசெய்ய வழக்கம்போல் பேசவும்.*

"அடப்பாவி!" என்றாள் மெல்டா. "முகத்தக் களவாங்கிப் பொய்ச் சேதி அனுப்புதவன் பெருகிட்டான்னு இத வச்சிருக்கான். அது உங்களையே..."

ஜெசிந்தா கேட்கவில்லை. மறுபடி பலகையைப் பிடித்தாள். "நாந்தான்! ஜெசி பேசுதேன்! ஏங்க, உங்க முதுகுல வலது பக்கம் மச்சம் இருக்குல்லா, அது எனக்குத் தெரியாதா? கூப்பிடுங்க அவர! கூப்பிடுங்க!" கத்தினாள், அழுதாள். ஆறு வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது. பதினொன்று ஒன்பதுக்கு அதற்கும் பதில் வந்தது. *பொருத்தம்: ஒரு விழுக்காடு. வழக்கம்போல் பேசவும்.*

இன்னும் இருபத்தொரு நிமிடம். போய்ச் சேரவே பன்னிரண்டு. ஒரே ஒரு சேதிக்குத்தான் நேரம்.

"மைனி, நான் சொல்லுததக் கேளுங்க" என்று மெல்டா அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "மொதல்ல எப்பவும் சொல்லுததயே சொல்லுங்க. அது நீங்கதான்னு நம்பிக் கதவத் தொறக்கும். அப்படியே நிறுத்தாம, மத்ததையும் சொல்லிருங்க. சிரிங்க மைனி. சிரிச்சாத்தான் விடும்."

பச்சை விளக்கு எரிந்தால் மீதியைப் போட்டுக் காட்டாது என்று தானே கடையில் நூறு பேருக்கு விளக்கிச் சொன்னது அந்த அவசரத்தில் மெல்டாவுக்கு மறந்துபோனது.

ஜெசிந்தா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பலகையைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்தாள், கண் வீக்கம் தெரியாமல் இருக்க எப்போதும் பிடிப்பதுபோல. சிரித்தாள். அது அவளுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"என்னங்க, சாப்பிட்டியளா? நான் நல்லா இருக்கேன். இங்கன எல்லாம் நல்லாருக்கு. நீங்க ஒண்ணும் கவலப்படாதிய. ஒடம்பப் பாத்துக்கிடுங்க." மூச்சு வாங்கினாள். "இப்பம் நான் சொல்லுதத நல்லாக் கேளுங்க. இவ்வளவு நேரமும் சொன்னது பொய்யி. வந்துருங்க. எனக்காக வந்துருங்க."

அனுப்பிவிட்டு மாதா படத்தின் முன் போய் நின்றாள். பதினொன்று இருபத்திரண்டுக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டிருப்பான். பேனாவைக் கீழே போட்டிருப்பான். மெல்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜெசிந்தாவைப் பார்ப்பதுமாக இருந்தாள். பதினொன்றரை ஆனது. அப்புறம் நான்கு நிமிடம் போனது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

*பொருத்தம்: தொண்ணூற்றொன்பது விழுக்காடு. நன்றி, திருமதி ஜெசிந்தா. இச்செய்தியைத் தங்கள் கணவர் ஏற்கெனவே கேட்டுவிட்டபடியால் மீண்டும் ஒலிக்கவில்லை.*

பத்து நிமிடம் கழித்துக் கஸ்பாரே வந்தான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் பலகையை முகத்துக்குக் கொஞ்சம் மேலே உயர்த்திப் பிடித்திருந்தான். ஜெசிந்தாவுக்கு அந்தப் பிடி நன்றாகத் தெரியும்.

"போட்டாச்சு ஜெசி. ஒண்ணு சொல்லட்டா, சிரிக்கக் கூடாது. நான் பொட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தேன். நீ ஒரு வார்த்த 'வாங்க'ன்னு சொல்லிட்டா வந்துரலாம்னு. சரி, நீதான் தைரியசாலியாச்சே. இப்பம் ஒண்ணொண்ணா எடுத்து வெளிய வச்சிட்டிருக்கேன். நானும் இங்கன நல்லாத்தான் இருக்கேன். கவலப்படாத என்ன."

அவன் முகம் மறைந்ததும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடியது: *காத்திருப்பே இல்லாத உரையாடலுக்கு ஒன்பதாம் பலகை!*

"இப்பமாவது உண்மையச் சொல்லுங்க மைனி" என்று மெல்டா விசும்பினாள். "நான் சாயங்காலம் பிளேவியன்ட்ட சொல்லுதேன், அவரு போய் அண்ணன்ட்ட..."

"வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. "இடம் போயிட்டு. இனி சொல்லி என்ன, அந்த மனுஷன் அங்கன கெடந்து தவிக்கவா? நான் நல்லா இருக்கேன்னே இருக்கட்டும்."

கண்ணாடி விரிந்த பழைய பலகையைத் துடைத்து மெல்டாவிடம் கொடுத்தாள். மேசையிலிருந்த பெட்டியைத் தானே திறந்தாள். கஸ்பாரின் முகம் பளிச்சென்று வந்தது. அவள் இந்தத் தடவை பலகையை உயர்த்திப் பிடிக்கவில்லை, அழுத முகத்தை அப்படியே காட்டினாள்.

"என்னங்க, வந்துருங்க" என்றாள்.

"சீக்கிரம் வந்துருவேன் புள்ள" என்றான் அவன். ஒரு விநாடிகூட ஆகவில்லை.