தேர்ச்சிக்கு அறுபது

ஜோயல் தன் காதல் தோல்வியைப் படித்து முடித்தபோது பட்டறிமானியின் முள் முப்பத்தொன்றில் நின்றது.

"நிஜமாவே காதலிச்சியா?" என்றார் புறத்தேர்வாளர் ஜெனிஃபர்.

"காதலிச்சேன் மேடம். ஆனா அவ வேண்டாம்னு சொன்னப்ப எனக்குப் பெருசா ஒண்ணும் தோணல."

"அப்புறம் எப்படி எழுதின?"

"சும்மா... யோசிச்சுத்தான்."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜோயல் நெற்றிவளையத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கினான். அரியர்.

இருபது வருடங்களுக்கு முன்பு எழுதுபொறிகள் வந்து, காப்பி ஆறுவதற்குள் ஒரு நாவலைத் துப்ப ஆரம்பித்தபோது, நாடெங்கும் படைப்பிலக்கியத் துறைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். இந்தக் கல்லூரியில் மட்டும் துறை பிழைத்தது. பிழைக்க வைத்தது பட்டறிமானி. எழுதியவர் வளையத்தை மாட்டிக்கொண்டு தன் எழுத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கும்போது மூளை நடந்ததை நினைத்துப் பார்த்தால் முள் ஏறும். வெறுமனே இட்டுக்கட்டியது என்றால் ஏறாது. பொறிக்கு வாழ்க்கை கிடையாது, மனிதனுக்கு உண்டு, ஆகவே வாழ்ந்ததே இலக்கியம் என்று துறை வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். தேர்ச்சிக்கு அறுபது.

மாணவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஒருத்தி ஐந்தாம் பருவத்தில் கல்யாணம் செய்து ஆறாம் பருவத்தில் விவாகரத்து வாங்கினாள். இரண்டு தாளிலும் எழுபதுக்கு மேல். இன்னொருவன் இரண்டாவது மாடியிலிருந்து குதித்து எண்பத்தெட்டு எடுத்தான். அவன் இப்போது ஊன்றுகோலோடு வந்து முதலாண்டுக்காரர்களுக்கு வரவேற்புரை ஆற்றுகிறான்.

அடுத்து இளவெயினி. இதற்கு முன் இரண்டு கதைகள் படித்து இரண்டிலும் நாற்பதைத் தாண்டவில்லை. "உனக்கு வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்று அவளுடைய வழிகாட்டி விஷ்ணுபிரியன் உண்மையாகவே வருத்தப்பட்டார். இது மூன்றாவது முறை. இதிலும் தவறினால் பட்டம் கிடையாது; மூன்று வருடமும் வீண்.

கடைசி வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பத்தோடு வருவது இங்கே வழக்கம். வெயினியின் அம்மா ஹர்ஷிதா ரத்த வங்கி வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, வகுப்பு முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கதையை அவள் படித்திருக்கவில்லை. மேடையில் கேட்டுக்கொள் என்று மகள் சொல்லியிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, விடுமுறையில், இதயம் பழுதாகிப் படுத்திருந்த அப்பாவை வெயினி பார்த்துக்கொண்டாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஒருநாள் மதியம் பக்கத்து அறையில் கண்ணயர்ந்த வெயினி ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து வந்து பார்த்தபோது அப்பா போய்விட்டிருந்தார். "நீ என்னடி பண்ணுவ, தூங்குற நேரத்துல போயிட்டாரு" என்று அன்றைக்கே அம்மா அவளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அதனால்தான் அவளுக்கு ஆறவே இல்லை. அப்பா கூப்பிட்டிருப்பாரோ? காதில் விழுந்தும் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? தினமும் இதையே நினைத்தாள். பஸ்ஸில், வகுப்பில், சாப்பிடும்போது. அதைத்தான் கதையாக எழுதினாள். அப்பா கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே, அலுத்துப்போய், குரல் ஓயும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற ஒரு மகளின் கதை. கதை என்றால் கதைதான் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்று நினைத்தாள். அந்த ஒரு தப்பைத்தான் செய்தாள்.

பதினோரு நிமிடம் படித்தாள். கடைசி வரியில் குரல் உடைந்தது. முள் தொண்ணூற்றாறில் நின்றது.

துறை வரலாற்றிலேயே அவ்வளவு யாரும் எடுத்ததில்லை. மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. ஜோயல் விசிலடித்தான். ஜெனிஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை வெளியில சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்!"

"மேடம், இது கற்பனை" என்றாள் வெயினி.

ஜெனிஃபர் பரிவோடு சிரித்தார். "பயப்படாதம்மா. இங்க யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டோம்."

விஷ்ணுபிரியன் அவள் காதருகே குனிந்தார். "கற்பனைன்னு நீயே பதிவு பண்ணினா விதிப்படி பட்டமே கிடையாது. யோசிச்சுப் பேசு."

"பட்டம் வேண்டாம் சார். எங்க அம்மாவுக்கு மட்டும் சொல்லிடுங்க."

அம்மா அதற்குள் மேடைக்கே வந்துவிட்டாள். கையில் இன்னும் மைசூர்பாகுப் பெட்டி இருந்தது.

"புராஜெக்டுக்காகவா?" என்றாள்.

வெயினிக்கு முதலில் புரியவில்லை. மார்க்குக்காக அப்பாவைச் சாக விட்டாயா என்று கேட்கிறாள் எனப் புரிந்ததும் பெட்டியோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! நான் தூங்கிட்டேன்மா. உனக்குத்தான் தெரியுமே!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லித்தானே தெரியும்." அம்மா நெற்றிவளையத்தைக் காட்டினாள். "அதைக் கழட்டாத. மாட்டிக்கிட்டே சொல்லு."

வெயினி நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அன்னிக்கு மதியம் நான் தூங்கிக்கிட்டிருந்தேன். அப்பா கூப்பிட்டது எதுவும் என் காதுல விழல."

முள் மூன்றில் நின்றது.

தூங்கியதை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? காதில் விழாததற்கு மூளையில் என்ன தடயம் இருக்கும்? தினமும் நினைத்து நினைத்துப் பார்த்த கற்பனையோ நினைவு போலவே பதிந்துவிடும். அந்த அரங்கில் இது விஷ்ணுபிரியனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் மானி இவள் விஷயத்தில் தவறியது என்றால், இதுவரை அது கொடுத்த சான்றிதழ்கள் எல்லாம் என்ன ஆகும்? துறை என்ன ஆகும்? அவர் குனிந்து மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். அம்மா பெட்டியை நாற்காலி மேல் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

தங்கப் பதக்கம் கூரியரில் வந்தது. கதையை அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் தன்வரலாறு என்ற பிரிவில் சேர்த்திருப்பதாகத் துறையிலிருந்து கடிதமும் வந்தது. அம்மா அவளோடு பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

வெயினி அன்றைக்குத் தூங்கிய அதே அறையில் படுத்து அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தாள். தூக்கம் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றும் அந்த ஒன்றரை மணி நேரம் வெறும் வெற்றிடமாகவே இருந்தது. ஆனால் சுவரில் இருந்த ஈரக்கறை நினைவுக்கு வந்தது. அப்பாவின் குரல் வந்தது. ஒவ்வொரு முறையும் அது எப்படித் தேய்ந்தது என்பதுகூட வந்தது. தெளிவாக நினைவிருப்பதே நடந்தது என்று மூன்று வருடம் படித்தவள் அவள். அந்தத் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான்.

பதக்கம் வந்த ஆறாவது நாள் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. அவரு கூப்பிட்டாரா?"

வெயினி வெகுநேரம் யோசித்தாள்.

"கூப்பிட்டாரும்மா" என்றாள்.

அம்மா உடனே நம்பிவிட்டாள்.