பூஜையில் வைத்த ரம்பம்

இரண்டு நாள் பந்தோபஸ்தில் நின்ற இடுப்பு. ஜீப்பிலிருந்து இறங்கும்போது சப்-இன்ஸ்பெக்டர் சுமலதாவைப் பாதியில் பிடித்து நிறுத்தியது. கதவைப் பற்றிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

விஜயதசமி. காலை 8.40. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கேட்டுக்குக் கேட் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. ஊருக்கே லீவு, அவளைத் தவிர.

பட்டறை மேசைமேல் அது இரண்டு துண்டாகக் கிடந்தது. ஆளுயர நீளத்தில் தேக்கு விமானம். கடலுக்குமேல் ரோந்து போய் நீர்மூழ்கியைத் தேடுகிற ராணுவ விமானத்தின் மாதிரி. வால் தனி, உடல் தனி. ஓய்வு பெறுகிற அதிகாரி ஒருவருக்குப் பரிசாக இன்று மதியம் அரக்கோணம் கடற்படைத் தளத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"ஒட்ட முடியாதா?"

"மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரே கட்டை மேடம். அதுக்காகத்தான் எங்களத் தேடி வராங்க," என்றார் முதலாளி சந்திரமோகன். "அறுத்தது அவன்தான். இட்டுகினு போங்க."

மூலையில் சாம்சன் குந்தியிருந்தான். விமானத்தைச் செதுக்கியவன். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

"அடிச்சது யாரு?"

"நான்தான். எல்லார் எதிர்லயும் குடுத்தேன் ஒண்ணு."

"சண்டையா?"

"விமானத்துக்கு அடியில இவன் பேரச் செதுக்கணுமாம். முடியாதுன்னேன். அந்தக் காண்டு."

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம்: முதலாளி, சூப்பர்வைசர் ஆதிநாராயணன், சாம்சன். நேற்று ஆயுத பூஜை முடிந்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சந்திரமோகன் ஆர்.கே.பேட்டையிலுள்ள சொந்த வீட்டுக்கு. மற்ற இருவருக்கும் வீடு கும்மிடிப்பூண்டியிலேயே.

ஆதிநாராயணன் பொரிகடலைத் தட்டை நீட்டினார். இடது கையால். "தப்பா நினைக்காதீங்க மேடம். நேத்து தேங்கா உடைக்கசொல்ல வலது கை கிழிச்சுடுச்சு." உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. சாம்சனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "போன வருஷமே பூஜையில வெச்ச ரம்பத்த எடுத்து ஸ்டாண்டு அறுத்தவன் இவன். மறுபூஜை போடாத கருவியத் தொடலாமா? பயமில்லாத ஜென்மம்."

"எனக்கு ஜீசஸ் நைனா. ரம்பம் எனக்கு ரம்பம்தான்," என்றான் சாம்சன்.

சுமலதாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்கிறார்கள், ஒருவரும் வெட்டைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெட்டு கோணலாக, கடித்துக் குதறியதுபோல இருந்தது. மரத்தில் பொடிப் பல்லின் தடம். வெட்டின் ஓரத்தில் வெளிறிய கோடு. நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்தது.

"இது இன்னா?"

சாம்சன் எழுந்து வந்து பார்த்தான். "பட்டி. வெடிப்புல வெச்சு அடைச்சிருக்காங்க. நான் வெக்கல மேடம். செதுக்கினதோட என் வேலை முடிஞ்சுது. பாலிஷ் போட்டது சூப்பர்வைசரு."

சுவரோரம் வாழையிலையில் கருவிகள் இருந்தன. உளி, இழைப்புளி, ரம்பம். சந்தனம் விரிசல் விடாமல் காய்ந்திருந்தது. பெரிய ரம்பத்தின் பல்மேல் வைத்த சாமந்தி அப்படியே.

"இதை அறுக்கணும்னா நீ எதுல அறுப்ப?"

"அந்த ரம்பத்துல. நாலு இழுப்பு."

பொடிப் பல் மர ரம்பத்துக்குக் கிடையாது. சுமலதா கூட வந்த கான்ஸ்டபிளை, பழைய இரும்பு கொட்டிக் கிடந்த ஜெனரேட்டர் அறைப் பக்கம் அனுப்பினாள். குவியலிலிருந்து எடுத்து வந்தான்: இரும்பு அறுக்கும் ஒடிந்த பிளேடு. ஒரு முனையில் துணி. பல்லிடுக்கில் தேக்குத் தூள்.

"ரம்பம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு," என்றாள். "சாம்சன்னா எடுத்து அறுத்துட்டுப் போயிருப்பான். அவனுக்குத்தான் பயமில்லன்னு நீங்களே சொல்றீங்க. அறுத்தவன் அதத் தொடல. வெறும் பிளேடப் பிடிச்சு, கை கிழியக் கிழிய அறுத்திருக்கான். பூஜையில வெச்சதத் தொட்டா சாமி குத்தம். முதலாளியும் பக்திமான்தான். ஆனா அவரு கை நல்லாத்தான் இருக்கு, அறையுற அளவுக்கு. உங்க துணியக் கொஞ்சம் அவிழுங்க, ஆதிநாராயணன்."

அவிழ்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"மரம் வாங்கினது யாரு?"

"நான்தான்." குரல் இறங்கியிருந்தது. "காஞ்ச மரம்னு சொல்லி ஈரக் கட்டைய வாங்கியாந்துட்டேன். வெடிச்சுது. பட்டி வெச்சு மூடினேன். நேத்து பூஜை விளக்கு வெளிச்சத்துல பார்த்தா மறுபடி வாய் பொளந்துகினு நிக்குது. அரக்கோணத்துல பார்த்தா என் தலைதான் உருளும். இவன் மேல போயிடும்னு..."

"வெடிப்பு மேலயே அறுத்தீங்க."

"ஆமா மேடம்."

ஆதிநாராயணனை ஜீப்பில் ஏற்றினார்கள். சந்திரமோகன் அரக்கோணத்துக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சி முடித்தார். பிறகு சாம்சனிடம் வந்தார்.

"டேய், புதுக் கட்டை எடு. வேலைய ஆரம்பி."

"மறுபூஜை இன்னும் போடல, முதலாளி."

மறுபூஜைக்கு வந்திருந்த ஆட்களில் யாரோ சிரித்தார்கள். சந்திரமோகன் சூடத்தைக் கொளுத்தி, இலையில் இருந்த கருவிகளுக்குச் சுற்றிக் காட்டினார். சாம்சன் நகரவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இன்னாடா? பேருதானே? அடியில செதுக்கிக்கோ, போ."

"பேரு இருக்கட்டும்."

சந்திரமோகன் அணைந்துகொண்டிருந்த சூடத்தைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். பட்டறை ஆட்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

சுமலதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உள்ளே சந்திரமோகன் மறுபடி ஃபோனை எடுத்தார். வண்டியை எடுக்கச் சொன்னாள்.

எல்லார் எதிரிலும் அடித்த அடிக்கு எல்லார் எதிரிலும் கேட்க வேண்டிய மன்னிப்பு. சந்திரமோகன் அதைச் சாம்சனுக்கு இன்னும் பாக்கி வைத்திருந்தார்.