மாயாற்றின்மேல் வட்டமிட்ட ஏழு பாறுகள்

மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டியும் பயனில்லை! மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகளின் கூடுகளைத் தேடிப் புறப்பட்ட மூன்றாம் நாள் அது. கால்நடை மருத்துவம் படிக்கும் தெரசா துணியின் மேல் கையையும் வைத்து அழுத்தினாள். சரிவில் ஓர் எருமைக் கன்று ஊதிப்போய்க் கிடந்தது.

"கிட்டப் போகாதீங்க டாக்டரம்மா!" வழிகாட்டி மாசி கத்தினார். "சுத்திப் பாருங்க, காக்கா செத்துக் கிடக்குது. புலிக்கு வெசம் வெச்சிருக்கானுங்க!"

கன்றின் தொடையைக் கத்தியால் பைபோலக் கீறி, உள்ளே குருணைப் பூச்சிமருந்தை யாரோ பொறுமையாகத் திணித்திருந்தார்கள். தெரசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மேலே ஏழு பாறுகள் வட்டமிட்டபடி தாழ்ந்துகொண்டிருந்தன. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனம். ஒரு வாய் தின்றாலும் ஏழும் போச்சு!

"பாறு கண்ணாலதான் இரை தேடும்ணா," என்றாள் தெரசா. "மறைச்சுட்டா தப்பிச்சிரும். கீழ யானை வராம வெட்டுன அகழி இருக்கே, அதுல தள்ளி மூடிரலாம்!"

ஜீப் ஓட்டுநர் ஜாகிர் கயிற்றோடு ஓடிவந்தார். கையுறை மாட்டிக்கொண்டு மூவரும் இழுத்தார்கள். பாதி வழியில் ஒரு முள்கட்டை குத்தி, படாரென்று வயிறு வெடித்தது! பச்சையும் கறுப்புமாய்ச் சீறிய நீர் தெரசாவை நனைத்தது. ஓரமாய் ஓடி வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வந்து கயிற்றைப் பிடித்தாள்.

அதற்குள் ஒரு பாறு தரையிறங்கிவிட்டது!

"போ! போயிரு!" குச்சியை வீசிக்கொண்டு பாய்ந்தாள். அது நகரவில்லை. வழுக்கைக் கழுத்தை நீட்டி, முன்பு எங்கோ தின்றிருந்ததையெல்லாம் அவள் சட்டைமேல் கக்கிவிட்டு, தத்தித் தத்தி ஓடிப் பறந்தது.

"தப்பிச்சு ஓடுறதுக்குப் பாரத்தை எறக்கிட்டுப் போகுது!" மாசியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விடாதீங்க, இழுங்க!"

கன்று அகழியில் விழுந்தது. மண்ணும் கல்லும் சரிந்து மூடின. இரை மறைந்ததும் வட்டம் கலைந்தது. ஏழு பாறுகளும் ஒவ்வொன்றாய் மேலெழும்பிப் பாறை முகட்டைத் தாண்டிப் போயின. "ஏழும் உசிரோட!" என்று ஜாகிர் தொண்டை கிழியக் கூவினார்.

ஊர் திரும்பியதும் மாசியின் மனைவி ரங்கி தெரசாவை வாசலிலேயே நிறுத்தினாள். "அய்யே, என்ன நாத்தம்! அங்கேயே நில்லு கண்ணு." சீயக்காய் தேய்த்து மூன்று குடம் ஊற்றினாள்.

"பாறு கக்குனது போயிருச்சுக்கா," என்றாள் தெரசா. "சதைக்குள்ள விரலை விட்டு மருந்து திணிச்ச கையை நெனச்சாத்தான் இன்னும் கொமட்டுது."

ஜாகிர் தகவல் சொல்லியிருந்த வனக்காவலர்கள் வந்துவிட்டார்கள். ஈரத் தலையோடு, இடத்தைக் காட்ட அவளே முன்னால் நடந்தாள்.