நின்ற புள்ளிகள்

மின்விசிறி நின்றிருந்தது. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் அண்ணாந்து பார்த்தான். மூன்று இறக்கைகளும் வரைந்து வைத்தாற்போல் அசையாமல் இருந்தன. மேசையில் கிடந்த காகிதமோ படபடத்துக்கொண்டிருந்தது. ஸ்விட்சைப் பார்த்தான்; போட்டபடியே இருந்தது. பிறகு விஷயம் புரிந்து தன்னையே திட்டிக்கொண்டான். எல்லாம் மேசையிலிருந்த இசைத்தட்டுப் பெட்டியில் புதிதாக ஒட்டிய எல்.இ.டி. பட்டையின் வேலை. டிம்மரைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்ததும், அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் இறக்கை ஒரே இடத்தில் இருந்தால், சுற்றுகிற விசிறி நிற்கிற மாதிரிதான் தெரியும்.

பதினாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு இது தெரியாதா என்ன. மோட்டார் அறையின் டியூப் லைட் வெளிச்சத்தில், நின்றுவிட்டது என்று நம்பிச் சக்கரத்தில் கை வைத்த கூட்டாளிக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து சூப்பர்வைசர் புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "நிக்கிற மாதிரி இருந்தா நம்பாத. சத்தம் நின்னுச்சான்னு கேளு. அப்புறம் கைய நீட்டு."

இசைத்தட்டுப் பெட்டி மாமனாருடையது. அவர் போன பிறகு மனைவி அதைத் துணி போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருந்தாள். இன்று அவள் பிறந்தநாள். ஆறு மணிக்கு அவள் வேலையிலிருந்து வரும்போது, சுழல்தட்டுக்கு அடியில் நீல வெளிச்சம் எரிய, அவள் அப்பாவின் தட்டு ஒன்று பாடவேண்டும் என்று இவனுக்கு ஆசை. ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத் தொடங்கியது நான்கு நாளாக உயிரை வாங்குகிறது. முதல் பட்டை பாதியில் செத்தது. இரண்டாவதற்குப் பசை பிடிக்கவில்லை. இப்போது எரிகிறது, ஆனால் சுழல்தட்டின் விளிம்பில் வரிசையாகப் பொறித்திருக்கும் புள்ளிகள் நிற்க மாட்டேன் என்கின்றன. வேகம் சரியாக இருந்தால், மினுக்கும் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்கவேண்டும். இவையோ எறும்புபோல் இடப்பக்கம் ஊர்ந்தன. டிம்மரில் மினுக்கல் வேகத்தை மாற்றும் சின்னத் திருகை ஒரு மயிரிழை திருப்பினால் வலப்பக்கம் ஊர்ந்தன.

போதாக்குறைக்கு ஒரு சத்தம். தப் தப் தப் தப். மெத்தென்று, விடாமல். மோட்டாரா, பெல்ட்டா என்று பெட்டியை இரண்டு முறை கழற்றிப் பூட்டிவிட்டான்.

"அப்பா," என்றாள் சோபாவில் படுத்திருந்த வாண்டு. ஏழு வயது. காய்ச்சலால் பள்ளிக்கூடம் போகவில்லை. "யாரோ ஓடுறாங்கப்பா."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா. மாத்திரை போட்டல்ல, தூங்கு."

ஒரு வாரமாக இதே புராணம். வீட்டுக்குள் யாரோ ஓடுகிறார்கள், நிற்கவே மாட்டேன் என்கிறார்கள், போகிற போக்கில் சடையை இழுக்கிறார்கள். உள்ளறையில் தனியாகப் படுக்க மாட்டாள். மாடியில் ஓட ஆள் யாரும் இல்லை, தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் என்று அவனும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று எழுந்து விசிறியை அணைத்தான். இறக்கைகள் பின்னால் போவதுபோல் தெரிந்து, தடுமாறி, நிஜமாகவே நின்றன. சுழல்தட்டையும் நிறுத்தினான்.

தப் தப் தப் தப்.

காகிதம் படபடத்து அடங்கியது. மறுபடியும் படபடத்தது. விசிறிக் காற்று இப்படி விட்டு விட்டு வராது. யாரோ பக்கத்தில் கடந்து போவதுபோல் அவன் பின்கழுத்தில் ஒரு குளிர்ச்சி பட்டு விலகியது, பட்டு விலகியது. மழையில் நனைந்த சாக்கின் வாடை லேசாக அடித்தது. வெளிச்சம் நன்றாகத் தெரிவதற்காகப் பகலிலேயே திரைச்சீலையெல்லாம் இழுத்து விட்டிருந்தான். ஜன்னல் எதுவோ திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். மணி ஐந்தே முக்கால். எரிச்சலில் அவனுக்கு அழுகையே வரும்போல் இருந்தது.

சுழல்தட்டை மறுபடி ஓடவிட்டு, குனிந்து, புள்ளிகளின்மேல் கண்ணை வைத்துத் திருகைத் திருப்பினான். ஊர்வது குறைந்தது. தாழ்வான நீல வெளிச்சத்தில் நாற்காலியின் நிழலும் சோபாவின் நிழலும் சுவரில் பெரிதாக எழுந்திருந்தன. அவற்றுக்கு நடுவே புகைபோல் இன்னொன்று சுற்றி வந்தது. கடைக்கண்ணில் பட்டது. தன் கையின் நிழல் என்று விட்டுவிட்டான்.

"அப்பா, இப்ப மெதுவா போகுது," என்றாள் வாண்டு.

"ஆமா. நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"கால் தெரியுதுப்பா."

அவன் காதில் அது சரியாக விழவில்லை. திருகுக்கும் விரலுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் பொறு. நிறுத்திக் காட்டுறேன்."

"நிறுத்துங்கப்பா. அப்பதான் என்னைத் தொடாது."

இன்னும் ஒரு மயிரிழை. புள்ளிகள் தயங்கின. நடுங்கின. நின்றன.

நான்கு நாள். ஒருவழியாக.

"நின்னுடுச்சு," என்றான்.

"ஆமாப்பா. என் பக்கத்துலயே நின்னுடுச்சு."

அவன் நிமிர்ந்தான்.

சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் அது இருந்தது. கூரையில் இடிக்காமலிருக்க முதுகை வளைத்து. ஒரு கால் தரையில், மறு கால் அந்தரத்தில், ஓட்டத்தின் நடுவில் பிடித்து வைத்ததுபோல. முழங்காலைத் தாண்டித் தொங்கும் கைகள். ஒரு கையின் விரல்கள் வாண்டுவின் சடை நுனிக்கு அரையடி தூரத்தில். முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. வாய் மூடியிருந்தது.

அசையவில்லை. ஒரு மயிர்கூட அசையவில்லை.

திருகைப் பிடித்திருந்த விரல்களை அவன் எடுக்கவில்லை. எடுத்தால் நகரும். விளக்கை அணைத்தால் மறையும், ஆனால் இங்கேயேதான் இருக்கும். இத்தனை நாளும் இருந்ததுபோல. மகள் சொன்னது அத்தனையும் உண்மை. அவன்தான் கேட்கவில்லை.

வாண்டுவின் முகத்தில் பயம் இல்லை. ஒரு வாரத்தில் முதல் முறையாக. அப்பா நிறுத்திவிட்டார்.

தப் தப் தப் தப்.

சத்தம் நிற்கவில்லை.

கத்த வாயைத் திறந்தான். அதற்குள் சுழல்தட்டின் விளிம்பில் ஒரு புள்ளி ஊர்ந்தது. அடுத்ததும். அதே வேகத்தில், அவ்வளவு மெதுவாக, அந்த வாய் திறக்க ஆரம்பித்தது.

வாண்டு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, அதன் விரலைத் தொட்டுப் பார்க்க நீட்டினாள்.