ஐந்தாவது கட்டம்

நான்கு படங்களைத்தான் ஷைஜு செயலிக்குக் கொடுத்திருந்தான். கடற்கரை, தட்டில் கலத்தப்பம், அவனுடைய பைக், பக்கத்து வீட்டுப் பூனை. சோதனைக்கென்று வைத்திருந்த கைப்பேசியில் அவை ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கட்டம், வெறுமையாக, ஈரமண் நிறத்தில்.

ஹர்த்தால் நாள். கோழிக்கோட்டின் அந்தத் தெருவில் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன; பேக்கரிக்கு மேலிருந்த அலுவலகத்தில் அவன் மட்டும். பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு தகரக் கூரையில் இறங்கும் மழையின் இரைச்சல், ஜன்னல் இடுக்குகளில் கசிந்து வரும் பூஞ்சை வாடை, அதற்கும் அடியில் இன்னொரு வாடை, புதிதாக வெட்டிய மண்ணுடையது.

எத்தனை படம் வந்தாலும் அத்தனையும் தெரியும்படி செயலியை மாற்றி எழுதியிருந்தான். ஒன்றென்றால் திரை முழுக்க, இரண்டென்றால் பாதிப் பாதி, அதற்கு மேல் வரிசை வரிசையாக. போன மழைக்காலத்தில் மலை சரிந்தபோது, காணாமல்போனவர்களைத் தேட அவசர அவசரமாக எழுதிக் கொடுத்ததில் இந்த வசதி இல்லை. ஒரு வீட்டுக்கு நாலு கட்டம் போதும் என்று நினைத்துவிட்டான். மிச்சப் படம் இருக்கிறது என்று காட்டும் குறிகூட வைக்கவில்லை.

மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு அப்போதுதான் குடிவந்திருந்தது ஹம்சக்கோயாவின் தம்பி குடும்பம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் பழக்கமில்லை. ஷார்ஜாவிலிருந்து ஹம்சக்கோயா செயலியில் ஐந்து படங்களை ஏற்றினார்: தம்பி, தம்பி மனைவி, உம்மா, மூத்த பையன், கடைசியாகக் குட்டி நூஹா. அடிவார முகாமில் அச்செடுத்த நான்கு முகங்களோடு தேடுபவர்கள் மலையேறினார்கள். நான்கு உடல்கள் கிடைத்ததும் மண்வாரி இயந்திரத்தை அடுத்த வீட்டுக்கு நகர்த்தினார்கள். மழை விட்ட பிறகு ஒரு நாய்தான் நூஹாவைக் கண்டுபிடித்தது, கவிழ்ந்த கதவுக்கடியில். அவள் உடனே சாகவில்லை என்றார் மருத்துவர்.

பிழை எங்கே என்று ஷைஜுவுக்கு மட்டும் தெரியும். நாளை ஹம்சக்கோயா அலுவலகத்துக்கு வருகிறார். அதற்குள் பழைய அமைப்பின் சுவடே இருக்கக் கூடாது.

கூட வேலைசெய்யும் லின்டா அவனுடைய சொந்தக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஹர்த்தாலுக்கு ஆபீஸ் போன ஒரே மலையாளி நீங்கதான் சேட்டா. கட்சிக்காரங்க பாத்தா டயர்ல காத்தை இறக்கிடுவாங்க."

"நடந்துதான் வந்தேன்."

"அப்ப உங்க காத்தை இறக்குவாங்க." சிரித்தவள் குரலைத் தணித்தாள். "ஷார்ஜா ஹம்சிக்கா திரும்பவும் கூப்பிட்டாரு. அஞ்சு படம் போட்டதாதான் ஞாபகம், குட்டியை மட்டும் நான் விட்டுட்டேனான்னு அழுறாரு. தூக்கமே இல்லையாம். நம்ம பக்கம் ஏதாவது தப்பு..."

ஷைஜு திரையைப் பார்த்தான். ஐந்தாவது கட்டம் சற்றுக் கறுத்திருந்தது.

"நாலுதான் வந்துச்சு. அவருதான் விட்டிருப்பாரு. பாவம்."

"அப்படியே சொல்லிடவா சேட்டா?"

"சொல்லு."

அவன் அழைப்பைத் துண்டித்தபோது கட்டம் நிரம்பியிருந்தது. பழுப்பு இருட்டு, மேலே மெல்லிய கீறலாக வெளிச்சம். கடலும் பூனையும் சுருங்கி ஒதுங்கி இடம்விட்டன. இன்னொரு கட்டம் வந்தது. அதே கீறல், அதன் குறுக்கே இயந்திரத்தின் மஞ்சள் கை. அடுத்தது. கை சற்றுத் தள்ளி. அடுத்தது. கை இல்லை. மழை மட்டும்.

எதையும் மறைக்காமல், அவன் எழுதியபடியே, அமைப்பு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது.

சோதனைக் கைப்பேசியை அணைக்கப் பார்த்தான். அணையவில்லை. விரல் தள்ளத் தள்ளக் கட்டங்கள். கீறல். இருட்டு. கீறல். இருட்டு. இருட்டு.

மண்வாடை தொண்டைவரை ஏறியது.

கடைசிப் படம் தெளிவாக இருந்தது. கீறலுக்கு மேலே ஒரு முகம், கீழே கிடப்பவர் பார்ப்பது போல. தாடை. பாதி திறந்த வாய். பின்னால் அலுவலகத்து மின்விசிறி.

அவன் வாயைப் பொத்தினான். படமும் பொத்தியது.

திரைக் கண்ணாடியில் சேறு. சின்ன விரல் தடம். சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

சேறு உட்புறத்தில் இருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு தடம் விழுந்தது. பிறகு ஐந்து விரல்களும், மெல்ல, தட்டத் தொடங்கின.